கச்சான் கடந்து வரும் முனை

வைகாசி முடியும் தறுவாயில் தூத்துக்குடியில் கச்சான் எழும். மலையாளக் கரையில் பெருமழையாகவும் குற்றாலத்தில் சாரலாகவும் தன்னிடம் இருந்த ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, கணவாய்கள் வழியே வெறுங்காற்றாக எங்கள் ஊருக்கு வந்து சேரும். உப்பளக்காரர்களுக்கு அது போதும். பாத்தியில் நீர் சுண்டும், உப்பு விளையும். தெற்கே மணப்பாட்டுப் பக்கம் தேரியின் செம்மணல் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்தில் போய்க் குவியும். கடற்கரைத் தெருவில் நடந்தால் உதடு கரிக்கும்.

என் தாத்தா தோணித் தண்டலாக இருந்தவர். கச்சான் மாதங்களில் தோணி கரையில் கிடக்க, அவர் திண்ணையில் உட்கார்ந்து பாய் தைத்துக்கொண்டிருப்பார். "இந்தக் காத்து எங்கருந்து தாத்தா வருது?" என்று கேட்டால், ஊசியை வாயில் கவ்விக்கொண்டு மேற்கே கையை நீட்டுவார். "ஆப்பிரிக்காக்காரன் கரையிலருந்துல வருது." அங்கேயும் குற்றாலம் மாதிரி மழை பெய்யுமா என்று கேட்டேன். "மழையே கிடையாதாம்ல. வெறும் பாறையும் மணலுந்தானாம். அரபிக்காரங்க சொல்லுவாங்க." எனக்கு நம்பிக்கை வரவில்லை. மழை கொண்டுவரும் காற்று கிளம்புகிற இடத்தில் மழை எப்படி இல்லாமல் போகும்?

தாத்தா போகாத அந்தக் கரையைப் பிறகு நான் பல வருடம் கப்பலில் கடந்தேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து நிலக்கரியோடோ மொம்பாசாவிலிருந்து வெறும் கப்பலாகவோ சூயஸ் நோக்கி வடக்கே ஏறினால், சோமாலியாவின் நெடிய கிழக்குக் கரை முடிகிற இடத்தில் மேற்கே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் நிற்பதுதான் குவார்டஃபுயி முனை. சோமாலியர்கள் ராஸ் அசீர் என்பார்கள். ஆப்பிரிக்காவின் கொம்பு என்று படத்தில் நாம் பார்க்கிற கூரான நுனி அது. கிழக்கே அப்த் அல் கூரி, அதற்கும் அப்பால் சொகோத்ரா. மேற்கே ஏடன் வளைகுடா. தெற்கிலிருந்து வரும்போது அந்தக் குன்று தலை நிமிர்த்திப் படுத்திருக்கும் சிங்கத்தின் உருவில் தெரியும் என்று பழைய மாலுமிகள் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்தச் சிங்கத்தின் மேல்தான் கலங்கரை விளக்கம் இருக்கிறது. நான் அந்த வழியாகப் போன காலம் முழுக்க அது இருட்டாகவே இருந்தது.

தாத்தா சொன்னது சரிதான். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கிளம்பும் காற்று கென்யா அருகே நிலநடுக்கோட்டைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களில் மோதி வளைந்து, சோமாலியக் கரையை ஒட்டி வடகிழக்காகப் பாய்கிறது. தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குள் ஓடும் குறுகலான, அதிவேகமான காற்றோட்டம். ஃபிண்ட்லேட்டர் என்ற வானிலையாளர் 1969இல் இதை விரிவாக விளக்கினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அந்தக் காற்று இந்த முனைப் பக்கம்தான் ஆப்பிரிக்காவை விட்டு அரபிக்கடலுக்குள் இறங்குகிறது. கரைக்கு இணையாக ஓடுவதால் மேல் நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும். குளிர்ந்த கடலுக்கு மேல் மேகம் திரண்டு மழையாகாது. நமக்கு மழை சுமந்து வரும் காற்று, தான் உரசி வருகிற கரையைக் காயவைத்துவிட்டுத்தான் வருகிறது. குற்றாலத்தில் தலையை நீட்டி நிற்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை. நான் நினைப்பதுண்டு.

கச்சான் மாதங்களில் அந்தத் திருப்பம் மோசமான இடம். சோமாலி நீரோட்டம் வடக்கே இழுக்கும். பெருத்த காலத்தில் மணிக்கு ஐந்து, ஆறு கடல்மைல்கூட ஓடும். பாலைத் தூசியும் குளிர்நீர் எழுப்பும் மங்கலும் சேர்ந்து பகலிலேயே கரை தெரியாது. அலை கப்பலின் இடுப்பில் அடிக்கும். எங்களிடம் ரேடார் இருந்தது, ஜிபிஎஸ் இருந்தது. அதெல்லாம் இல்லாமல், முந்தைய நாள் சூரியனை அளந்த கணக்கை வைத்துக்கொண்டு, இந்த ஓட்டத்தில் இந்தத் தூசிக்குள் வந்தவர்களை நான் மறப்பதில்லை.

அந்த முனைக்குச் சில மைல் தெற்கே இன்னொரு குன்று இருக்கிறது, ராஸ் ஷெனகெஃப். மங்கலில் பார்த்தால் அதே சிங்கம். பொய்க் குவார்டஃபுயி என்றே கடல்வரைபடங்கள் அதற்குப் பெயர் வைத்தன. தெற்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிற கப்பல், அந்தக் குன்றைப் பார்த்ததும் முனை வந்துவிட்டது, தாண்டிவிட்டோம் என்று எண்ணி மேற்கே திருப்பும். எதிரே ஏடன் வளைகுடா இருக்காது. தாழ்ந்த மணற்கரை இருக்கும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் பல இந்த ஏமாற்றத்தில் தரை தட்டின.

அவற்றில் ஒன்று மேகோங் என்ற பிரெஞ்சுக் கப்பல். 1877இல் சைகோனிலிருந்து பிரான்ஸ் போகும் வழியில் இங்கே உடைந்தது. அதன் வயிற்றில் சம்பா நாட்டுச் சிற்பங்கள் இருந்தன. ஆல்பர் மொரீஸ் என்ற மருத்துவர் இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் திரட்டியவை. சிவனையும் கருடனையும் வணங்கிய ஒரு மக்களின் கோயில் கற்கள், சொந்தக் கோயிலிலிருந்து பெயர்க்கப்பட்டு, சேர வேண்டிய அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேராமல், ஆப்பிரிக்காவின் நுனியில் கடலுக்குள் கிடந்தன. 118 வருடம் கழித்து, 1995இல் முக்குளிப்பவர்கள் அவற்றில் பலவற்றை மேலே எடுத்தார்கள். முத்துக்குளித்துறைக்காரன் நான். முத்துக்கு மூச்சடக்கி இறங்கும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். கடலடியில் கை நீட்டினால் கருடன் தட்டுப்பட்டிருக்கும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அந்த முனையைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் சாச்சா. கட்ச் வளைகுடாவின் மாண்ட்வியைச் சேர்ந்தவர். எங்கள் கப்பலில் சுக்கானி. வயதில் பெரியவர் என்பதால் எல்லோரும் சாச்சா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களை ஸாப் என்பார். நான் அப்போது செகண்ட் ஆபீசர். நடுச்சாமம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை எங்கள் இருவருக்கும் வாட்ச். ரேடாரில் முனை ஒரு தடித்த வெளிச்சக் கோடாக வந்து நின்றது. வெளியே எதுவும் இல்லை. வரைபடத்தில் விளக்கின் குறி இருக்கிறதே, ஏன் தெரியவில்லை என்று நான் தொலைநோக்கியை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எரியாது ஸாப்," என்றார் சாச்சா. "சின்ன வயசில் வஹாணில், எங்கள் மரக்கலத்தில், வரும்போது பகலில் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு மினார். மினாரின் உடம்பில் ஒரு கோடரி."

கோடரியா? யாரோ சொன்ன கதையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சுக்கானை விடாமல் தன் இடதுகை ஓரத்தைக் கோடரி போலத் தோளில் செருகிக் காட்டினார். "கல்லில். இவ்வளவு பெரிசு."

அவர் சொன்னது நிஜம் என்று தெரிந்துகொள்ள எனக்கு வருடங்கள் பிடித்தன.

கால்வாய் திறந்ததிலிருந்தே அந்த முனையில் விளக்கு வேண்டும் என்ற பேச்சு இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அது பேச்சாகவே போனது. யார் கட்டுவது, யார் எண்ணெய் கொடுப்பது, யார் காவல் காப்பது? நிலம் மஜீர்தீன் சுல்தானுடையது. போகோர் உஸ்மான் மஹ்மூத் 1860 முதல் அங்கே ஆண்டவர். கரையில் ஒதுங்கிய கப்பலின் சரக்கு கரைக்காரனுக்கு என்பது அங்கே பழைய வழக்கம்; ஐரோப்பியக் கரைகளிலும் ஒரு காலத்தில் இருந்த வழக்கம்தான். உடைந்த கப்பலிலிருந்து தப்பி வரும் ஆட்களைக் காப்பாற்றிக் கொடுத்தால் வருடம் இவ்வளவு என்று ஏடனிலிருந்த ஆங்கிலேயர்கள் அவருடன் உடன்பாடு செய்துகொண்டார்கள். 1889இல் இத்தாலி அவருடன் வேறொரு உடன்படிக்கை செய்தது. அந்தக் காகிதத்தின் பலத்தில் இத்தாலி மெல்ல மெல்ல உள்ளே வந்தது.

முசோலினி ரோமில் ஆட்சியைப் பிடித்தது 1922இல். அதற்காக ரோமை நோக்கி நடந்த அணிவகுப்பை நடத்திய நால்வரில் ஒருவரான தே வெக்கி, அடுத்த வருடமே சோமாலியாவுக்கு ஆளுநராக வந்தார். 1924இல் முனையில் இரும்புக் கோபுரம் ஒன்று எழுந்து விளக்கு ஏற்றப்பட்டது. ஃபிரான்செஸ்கோ கிறிஸ்பி என்று பெயர். கடலோடு சம்பந்தமே இல்லாத மனிதர். இத்தாலிக்கு ஆப்பிரிக்காவில் குடியேற்ற நாடு வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற பழைய பிரதமர். மறு வருடம், 1925இல், சுல்தானகத்தின் மேல் போர் தொடங்கியது. கரையோர ஊரான பர்கால் கடலிலிருந்து பீரங்கியால் தாக்கப்பட்டது. 1927 இறுதிக்குள் போகோர் உஸ்மான் சரணடைந்து மொகடிசுவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அறுபத்தேழு வருட ஆட்சி அதோடு முடிந்தது.

பிறகு 1930இல் இரும்புக் கோபுரத்தின் இடத்துக்குக் கல் கோபுரம் வந்தது. முசோலினி கட்சியின் சின்னமான தண்டுக்கட்டின் வடிவத்திலேயே அதைக் கட்டினார்கள். விறகுக் கட்டில் கோடரியைச் செருகி நிறுத்தியதுபோல, உருண்ட கல் கோபுரத்தின் பக்கவாட்டில் பெரிய கல் அலகு. சாச்சா கையால் காட்டியது அதைத்தான்.

எத்தனையோ கலங்கரை விளக்கங்களைப் பார்த்திருக்கிறேன். மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் குன்றுக்கு அருகில் நிற்பதும், தூத்துக்குடி முயல் தீவில் நிற்பதும் என் பிள்ளைப் பருவத்தின் பகுதி. விளக்குகளுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. யார் கப்பல், எந்தக் கொடி, சரக்கு என்ன என்று விளக்கு கேட்பதில்லை. இத்தனை நொடிக்கு ஒரு மின்னல் என்று தன் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நிறுத்துகடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்து, இது இன்ன விளக்கு என்று உறுதிசெய்யும்போது நெஞ்சில் ஒரு நிம்மதி இறங்கும். அந்த நிம்மதியை அனுபவித்தவன் என்பதால்தான் கோடரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஒளி கடலில் போகிறவனுக்காக. கோடரி கரையில் இருப்பவனுக்காக. ஒரே கட்டடத்தில் இரண்டையும் வைத்தவர்கள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றியதோடு அந்தக் கரை மக்களிடம் தாங்கள் யார் என்பதையும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இத்தாலியில் அந்தச் சின்னங்களைப் பல கட்டடங்களிலிருந்து செதுக்கி எடுத்துவிட்டார்கள். இங்கே யாரும் ஏறி வந்து செதுக்கவில்லை. உலகத்தில் அந்த வடிவிலேயே கட்டப்பட்டு இன்றும் நிற்கிற கலங்கரை விளக்கம் வேறு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அல்பெர்ட்டோ அல்போட்சி என்ற இத்தாலியப் புகைப்படக்காரர் 2015இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் படங்களில்தான் நான் முதன்முதலாகக் கோடரியைப் பார்த்தேன். சாச்சா அப்போது ஓய்வு பெற்று ஊருக்குப் போயிருந்தார். போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "நான் சொன்னேனே ஸாப்," என்றார். வியப்பே இல்லாத குரல்.

எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயிலில் ஆகஸ்ட் 5ஆம் தேதி திருவிழா. கச்சான் இன்னும் அடங்காத நாட்கள். சிறுவனாகப் பீடத்தருகே தூபக்கலசம் ஏந்தி நின்றிருக்கிறேன். கரித்துண்டின் மேல் குந்திரிக்கப் பிசினைப் போட்டதும் எழும் புகை கண்ணைக் கரிக்கும், ஆனாலும் மூக்கு அதை விடாது. ஏடன் வளைகுடாவில் கரையை ஒட்டிப் போன ஒரு விடியற்காலையில், நிலத்திலிருந்து வந்த காற்றில் அந்த வாசனை இருந்ததாக எனக்குத் தோன்றியது. மனமயக்கமாக இருக்கலாம். ஆனால் குந்திரிக்க மரங்கள் அந்தக் கரையில்தான் வளர்கின்றன. மண்ணே இல்லாத சுண்ணாம்புப் பாறையில், வேரை அகட்டி ஒட்டிக்கொண்டு நிற்கும் மரங்கள். பட்டையைக் கீறிவிட்டுப் போனால் பால் வடிந்து இறுகும். பிறகு வந்து சுரண்டி எடுப்பார்கள். அலூலாவிலும் கந்தாலாவிலும் பொசாசோவிலும் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். மரங்கள் குடும்பங்களுக்குச் சொந்தம், வழிவழியாக வரும்.

அந்தப் பிசினுக்காகவே அந்த முனை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பெயர் பெற்றிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளுஸ் என்ற கடல்வழிக் கையேடு இதை நறுமணங்களின் முனை என்கிறது. வடக்குப் பார்த்துத் திறந்து கிடப்பதால் நங்கூரம் போட அபாயமான இடம் என்கிறது. ஆழ்நீர் கலங்கி நிறம் மாறினால் புயல் வருகிறது என்று பொருள், உடனே எல்லோரும் பக்கத்து முனையின் மறைவுக்கு ஓடுவார்கள் என்கிறது. விளக்கு இல்லாத காலத்தில் நீரின் நிறம்தான் எச்சரிக்கை. எழுதியவர் அங்கே நின்று அந்த நிறத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதே கையேடு இன்னும் சில பக்கம் தள்ளி முசிறியைச் சொல்கிறது, குமரியைச் சொல்கிறது, பிறகு கொற்கையைச் சொல்கிறது. பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பு அங்கே தண்டனைக் கைதிகளைக் கொண்டு நடக்கிறது என்கிறது. கொற்கை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். கடல் விலகிப்போய் இப்போது வயலும் வாழையுமாக இருக்கிறது. குவார்டஃபுயியும் கொற்கையும் ஒரே மனிதரின் ஒரே வழிக்குறிப்பில் இருப்பதை நான் கப்பலில் படுக்கையில் கிடந்து படித்தபோது, தாத்தா மேற்கே கை நீட்டியது ஞாபகம் வந்தது. அவர் நீட்டிய கோட்டில்தான் ஓடியிருக்கிறார்கள் எல்லோரும்.

ஓடியவர்களில் நம்மவர்களும் உண்டு. ஓமானின் கோர் ரோரியில் கிடைத்த பானை ஓட்டில் ணந்தைக் கீரன் என்று தமிழி எழுத்தில் ஒரு பெயர். எகிப்தின் செங்கடல் கரையில், குசைர் அல் காதிமில், பானை ஒறி என்று எழுதிய ஓடு. பெரணிகேயிலும் ஒரு தமிழ்ப் பெயர். முனைக்கு எதிரே கிடக்கும் சொகோத்ராவின் ஹோக் குகைக்குள், இந்தியாவிலிருந்து வந்த மாலுமிகள் பிராமி எழுத்தில் கிறுக்கிவிட்டுப் போன பெயர்கள் ஏராளம். பெரும்பாலும் பருகச்சத்துக்காரர்கள், சாச்சாவின் பக்கத்து ஆட்கள். காற்று திரும்பும்வரை காத்திருந்தவர்கள். எல்லாம் பாலைக்கரைகள். வடகாற்றில் போய்த் தென்மேல்காற்றில் திரும்பியவர்களுக்கு இந்த முனை வழியின் கணு. கீரனுக்கு அங்கே யாரும் விளக்குப் பிடிக்கவில்லை.

முனைக்குத் தெற்கே ஹாஃபூன் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் கிழக்கு நுனி உண்மையில் இதுதான், குவார்டஃபுயி இல்லை. இத்தாலியர்கள் இதற்குத் தாந்தே என்று பெயரிட்டு மாபெரும் உப்பளம் ஒன்றை உருவாக்கினார்கள். கச்சானையும் வெயிலையும் நம்பி, எங்கள் ஊர்க்காரர்களைப் போலவே. உப்பைக் கப்பலுக்குக் கொண்டுபோகக் கம்பிவடத்தில் தொட்டிகள் ஓடின. இரண்டாம் உலகப் போரில் அது அழிந்தது. இரும்புத் தூண்கள் இன்னும் கரையில் துருவேறி நிற்கின்றன. பைனாகுலரில் அவற்றைப் பார்த்த நாளில் நான் அதிக நேரம் பிரிட்ஜின் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். உப்பளம் செத்துக் கிடப்பதை உப்பளத்து ஊர்க்காரன் பார்ப்பது லேசான காரியம் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ராவில் கிளம்பிய அலை இரண்டு மூன்று மணி நேரத்தில் நம் கரையை அடித்தது. அதற்குமேல் ஓடி, ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் கடந்து, நம் நேரப்படி மாலைக்குள் ஹாஃபூனை அடித்தது. சோமாலியாவில் ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள்; ஆப்பிரிக்காவில் அதிகம் அடிபட்ட ஊர் ஹாஃபூன்தான். நாகப்பட்டினம் அழிந்தது உலகத் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தபோது அங்கே அலை இன்னும் வந்து சேரவில்லை. மணிக்கணக்கில் அவகாசம் இருந்தது. அந்தக் கரைக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. போகிற கப்பல்களை எச்சரிக்க 1924இலேயே விளக்கு வைத்த கரை அது. தனக்கான எச்சரிக்கை என்று வந்தபோது ஒரு தந்திகூட வரவில்லை. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைக் கப்பல்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 2008 முதல் கடற்கொள்ளை. கப்பலைச் சுற்றி முள்கம்பி, நீர்ப்பீரங்கி, தளத்தில் பாய்லர் சூட் மாட்டி நிறுத்திய பொம்மைகள், என்ஜின் அறைப் பக்கம் ஒளிந்துகொள்ளப் பூட்டிய அறை. இரவில் தேவையற்ற எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஓடுவோம். எரியாத கலங்கரை விளக்கத்தைத் தாண்டி எரியாத கப்பல் போகும். வீட்டில் மனைவி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். 2010இல் பிடிபட்ட அஸ்ஃபால்ட் வென்ச்சர் கப்பலை அடுத்த வருடம் பணம் வாங்கி விடுவித்தபோதும் ஏழு இந்தியர்களை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டார்கள். அவர்கள் வீடு திரும்பியது 2014 அக்டோபரில். அந்தக் குடும்பங்களின் நிலையை எண்ணி நாங்கள் மெஸ்ஸில் பேசிக்கொள்ளாத நாள் கிடையாது.

ஆனால் அந்தக் கரையை வெறும் கொள்ளைக்காரர் கரை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. 1991இல் அரசு சிதைந்த பிறகு வெளிநாட்டு மீன்கப்பல்கள் வந்து அங்கே வாரிக்கொண்டு போனதை நாங்களே பார்த்தோம். அடியிலிருந்து குளிர்நீர் ஏறும் கடலில் மீன் கொழிக்கும். பாலைக்கு மழையை மறுத்த நீர் கடலுக்கு மீனைக் கொடுத்திருக்கிறது. அலூலா, பர்கால் மீனவர்கள் சின்னப் படகில் சிங்கி இறாலுக்கும் சுறாவுக்கும் வலை போடும் இடத்தில், இரவில் பெரிய இழுவைப் படகுகள் வலையோடு அவர்கள் பிழைப்பையும் இழுத்துக்கொண்டு போயின. இலங்கைக் கடலிலும் நம் கடலிலும் இதே பாடு எந்தப் பக்கத்துக்காரன் பட்டாலும் வலி ஒன்றுதான்.

இந்த விளக்கைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று நான் சொன்னால் சக மாலுமிகள் சிலர் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் கப்பல்களுக்கு அது வேண்டாம். மின்வரைபடத்தில் கப்பலின் இடம் மீட்டர் கணக்கில் தெரிகிறது. கரையை விட்டு வெகுதூரம் தள்ளித்தான் போகிறோம். பெருங்கப்பல்களுக்காகக் கட்டிய விளக்குக்குப் பெருங்கப்பல்களிடம் இனி வேலை இல்லை என்பது உண்மை.

வேலை இருப்பது மற்றவர்களிடம். அலூலாவிலிருந்து இருட்டில் கிளம்பும் சின்னப் படகுக்காரனிடம். பொசாசோவிலிருந்து ஏமனுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், எந்தக் கருவியும் இல்லாத படகுகளிடம். மாண்ட்வியிலும் சலாயாவிலும் இன்றும் மரத்தில் செய்கிற வஹாண்களிடம். சாச்சாவின் அக்கா மகன் அப்படியொரு வஹாணில் தண்டல். அரிசியும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு பொசாசோ போய்ப் பாதியை இறக்கிவிட்டு, முனையைச் சுற்றித் தெற்கே மொகடிசுவுக்குப் போவான். ஜிபிஎஸ் இருக்கிறதாம், கையடக்கமானது. உப்புத்தண்ணீர் பட்டு நின்றுபோனால் பழையபடி அனுமானம்தான். பொய்க் குவார்டஃபுயி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

செலவும் பெரிதில்லை. விளக்கு தெரிகிற தூரம் இரண்டு உயரங்களின் கணக்கு: விளக்கின் உயரம், பார்ப்பவன் கண்ணின் உயரம். மீட்டரில் எடுத்து இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் கடல்மைல் கிட்டத்தட்ட வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு இருந்தால், நாலு மீட்டர் உயரத்தில் நிற்கும் வஹாண்காரனுக்கு இருபத்துநாலு மைல் தூரத்திலேயே அது தொடுவானுக்கு மேல் வந்துவிடும். அந்த முனைக்கு உயரத்தில் குறையில்லை. ஒளிக்குச் சக்தி இருந்தால் போதும். ஒரு சூரியத் தகடு, ஒரு பேட்டரி, ஓர் எல்இடி விளக்கு. எங்கள் கரையில் மண்ணெண்ணெய்த் திரி எரிந்த கோபுரங்களில் இப்போது இவைதான் இருக்கின்றன. வெயிலுக்கு அங்கே என்ன பஞ்சம்? தகட்டில் படியும் தூசியைத் துடைக்கக் கீழேயுள்ள மீனவர் ஊரிலிருந்து ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும்.

கோடரியை என்ன செய்வது என்று சாச்சாவிடம் கேட்டேன். இடித்துவிடலாமா?

"இடிக்காதீர்கள் ஸாப்," என்றார். "பகலில் அதை வைத்துத்தான் எங்கள் பையன்கள் இது நிஜ முனை, பொய் முனை இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள்."